ஏரி உள்வாயில் பொறி உள்ளான்: ஒரு வலசைக் காலத்தின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 6, காவேரிப்பாக்கம் ஏரி

ஆடி இன்னும் முடியவில்லை. உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிரே ஏரி ஆழமில்லாமல் இருக்கும் பக்கம், ஈரம் காயாத சேற்றுத் திட்டில் ஐந்து பொறி உள்ளான்கள், சேற்றில் இரை தேடும் சிறு வலசைப் பறவைகள். ஐந்தும் வளர்ந்த பறவைகள். முதுகின் வெள்ளைப் புள்ளிகள் தேய்ந்து, இறகு ஓரங்கள் கிழிந்து, பழைய துணி போல இருக்கின்றன. முட்டை, குஞ்சு, நெடும்பயணம் என்று மூன்றையும் தாங்கிய இறகு அப்படித்தான் இருக்கும்.

ஸ்காண்டிநேவியா தொடங்கி சைபீரியா வழியாக கம்சாத்கா வரை உள்ள சதுப்புக் காடுகளில் இவை முட்டையிடுகின்றன. வழக்கமாக நான்கு முட்டை. அடைகாக்க மூன்று வாரத்துக்குச் சற்று மேல். குஞ்சு பொரிந்த கொஞ்ச நாளில் பெட்டை கிளம்பிவிடும், மிச்சக் காவல் சேவலுக்கு. ‘குளிர்காலப் பறவை’ என்று சொல்லிச் சொல்லியே மார்கழி வரை ஏரிப் பக்கம் போகாதவர்கள் பலர். இந்தக் குளிர்கால விருந்தாளி ஆடி வெயிலிலேயே வந்து இறங்கிவிடுகிறது.

ஆகஸ்ட் 23, அதே ஏரி

மூன்று வகை உள்ளான்கள் ஒரே சேற்றில். குழப்பம் வருவது இங்கேதான்.

பொறி உள்ளானுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீளும். கருப்பு உள்ளானுக்கு அந்தக் கோடு கண்ணோடு நின்றுவிடும். முதுகும் நல்ல கருமை, புள்ளிகள் மிகச் சிறியவை. சந்தேகம் இருந்தால் பறக்கும் வரை காத்திருங்கள். பொறி உள்ளானின் இறக்கை அடிப்பக்கம் வெளிறியிருக்கும், கால் நுனி வாலைத் தாண்டித் தெரியும். கருப்பு உள்ளானுக்கு அடிப்பக்கம் கருப்பு, பிட்டம் பளீரென்று வெள்ளை. வெறும் ‘உள்ளான்’ என்று பெயர் வாங்கியதற்கு மார்பின் பக்கவாட்டில், இறக்கை மடிப்புக்கு முன்னால், வெள்ளை ஒரு விரல் போல மேலேறியிருக்கும். அது தண்ணீரை ஒட்டித் தாழ, இறக்கையை விறைப்பாக வைத்துத் துடித்துத் துடித்துப் பறக்கும். வாலாட்டுவதை வைத்து மட்டும் பெயர் எழுதக் கூடாது. மூன்றுமே உடம்பை ஆட்டும், உள்ளான் ஓயாமல் ஆட்டும் என்பதுதான் வித்தியாசம்.

காது பழகினால் கண்ணுக்கு வேலை குறைவு. எழும்பும்போது ‘சிப்-இப்-இப்’ என்று வறண்ட குரல் வந்தால் பொறி உள்ளான்.

செப்டம்பர் 14, ஏரிக்குக் கீழே கழனி

சம்பாவுக்குச் சேடை ஓட்டுகிறார்கள், நடவுக்கு முன் கழனியைச் சேறாக்கும் உழவு. டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் உண்ணிக்கொக்கும். அவை போன பிறகு, சேறு கொஞ்சம் படிந்ததும் உள்ளான்கள் இறங்குகின்றன. நடவு முடிந்து ஏறக்குறைய மூன்று வாரம் கழனி இவற்றுக்கு உதவும். பயிர் தூர்கட்டி மூடிக்கொண்டால் நாலா பக்கமும் பார்க்க முடியாது, போய்விடும். வேட்டைப் பறவையான வைரி எங்கிருந்து வரும் என்று தெரியாத இடத்தில் இது இரை எடுக்காது.

இந்த வாரம் இளம் பறவைகளும் வந்திருக்கின்றன. முதுகில் புள்ளிகள் வெளிர்பழுப்பாக, வரிசை கலையாமல், இறகு ஓரம் ஒன்றுகூடக் கிழியாமல். ஆகஸ்டின் கந்தல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

இரை பெரும்பாலும் சேற்றின் மேல்தோலிலேயே: நீர்வண்டு, ஈக்களின் புழு, சிறு நத்தை. கெட்டுப்போவதும் இங்கேதான். நாற்றங்காலில் கார்போப்யூரான் என்ற பூச்சிமருந்துக் குருணை போட்டால், பறவை அதை மணல் பரல் என்று கொத்தும், அல்லது அதில் செத்த புழுவைத் தின்னும். சிறு பறவைக்கு ஓரிரு குருணையே எமன்.

அக்டோபர் 27

மழை. சேற்றுத் திட்டு மூழ்கிவிட்டது.

நவம்பர் 20, காவேரிப்பாக்கம்

வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டில் திரும்பிய தண்ணீர் கால்வாய் வழியே வந்து சேர்ந்து, ஏரி நிரம்பிக் கோடி போகிறது, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியே வழிகிறது. கரையில் திருவிழாக் கூட்டம். கைபேசியை நீட்டி ‘பறவையே இல்லையே’ என்கிறார்கள். முக்குளிப்பான், நீர்க்காகம் உண்டு. உள்ளான் இல்லை. இருக்கவும் இருக்காது. அதன் முழங்காலுக்குக் கீழே உள்ள கால் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. நிறைந்த ஏரி உழவருக்குச் செல்வம், உள்ளானுக்குப் பூட்டிய வீடு.

தேட வேண்டிய இடங்கள்: கோடித் தண்ணீர் பரவி வடியும் புறம்போக்கு, நட்டு முடியாத தாமதக் கழனி, செங்கல் சூளைக்காரர் மண் எடுத்த ஆழமில்லாப் பள்ளம். இன்று மூன்றாவதில் ஏழு.

டிசம்பர் 21

வரப்போரம் நடந்தால் காலடியிலிருந்து கரகரத்த குரலோடு கோரை உள்ளான் எழும்புகிறது, வளைந்து நெளிந்து பறந்து தூரத்தில் விழுகிறது. கோரை உள்ளானா ஊசிவால் உள்ளானா என்று பறக்கும் போக்கில் தீர்ப்பது ஆபத்து. ஊசிவாலுக்கு வாலோர இறகுகள் குண்டூசி போல மெலிந்தவை, விரித்த வால் தெளிவாகப் படத்தில் விழுந்தால் மட்டும் பெயர் எழுதலாம்.

ஜனவரி 18

1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு உரிய மாதம். எண்ணும் முறை பற்றிச் சில.

வடார்க்காட்டில் நிலம் கிழக்கே சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும், வாத்தும் நாமக்கோழியும் எண்ண நல்ல நேரம். ஆனால் ஆழமில்லாத உள்வாய் மேற்கே, அதுவும் வெகுதூரம். உள்ளான்களுக்கு மாலையில் மேற்குப் பக்கம் போய் வெயிலை முதுகுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். இதை மாற்றிச் செய்தால் எல்லாமே கருநிழல்தான்.

முதலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே ஓட்டம், இனம் பார்க்காமல் மொத்தம் மட்டும். கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்து மற்றதை அளக்கவும். இரண்டாம் ஓட்டத்தில் இனம். பெயர் தெரியாததை ‘உள்ளான் வகை’ என்றே எழுதிவிடுங்கள், ஊகித்த பெயரைவிட அது மேல். தலை நிமிர்ந்து உடம்பை ஆட்டத் தொடங்கினால் நெருங்கிவிட்டோம் என்று பொருள், அங்கேயே நிற்கவும். ஒன்று கத்தி எழும்பினால் எல்லாம் எழும்பும், எண்ணிக்கையும் போச்சு.

பிப்ரவரி 22, காவேரிப்பாக்கம்

மதகு திறந்து நவரை நெல் போகத்துக்குப் போன தண்ணீரால் ஏரி இறங்கியிருக்கிறது. இதுதான் நேரம். நாள்தோறும் தண்ணீர் பின்வாங்க, புதுச் சேறு புழுவோடு வெளியே வருகிறது. கோடு போட்டது போல ஒவ்வொன்றும் அதனதன் ஆழத்தில். கொசு உள்ளான் ஈரச் சேற்றில், பொறி உள்ளான் இரண்டு விரல் தண்ணீரில், பச்சைக்காலி அதற்கும் உள்ளே, நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் ஆழத்தில். கருவால் மூக்கன் வந்தால் அலகை அடிவரை சேற்றில் இறக்கும். அலகு முழுவதையும் திறக்காமல் மேலலகின் நுனியை மட்டும் தூக்கிப் புழுவைப் பிடிக்க அதனால் முடியும்.

இந்தப் பந்தி முழுவதும் கரையின் சரிவை நம்பி இருக்கிறது. வண்டல் எடுக்க இயந்திரத்தை விட்டு, செங்குத்தாக ஆளுயரப் பள்ளம் தோண்டினால் தண்ணீர் இறங்கினாலும் ஓரம் ஆழமாகவே நிற்கும், பிறகு ஒரே நாளில் வெடித்துக் காயும். வண்டலை ஒரு முழத்துக்கு மேல் போகாமல், சரிவு கெடாமல் வழித்தெடுத்தால் கழனிக்கும் உரம், உள்ளானுக்கும் இடம். சீமைக்கருவேலம் சேற்றை மூடினாலும் கதை முடிந்தது.

மார்ச் 16, பாலாற்று மணல்

பட்டாணி உப்புக்கொத்தி, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். ஒரு காலைச் சேற்றில் நடுங்க வைத்துப் புழுவைக் கிளப்புகிறது. இவற்றில் வலசை வந்தவையும் உண்டு, இங்கேயே குடித்தனம் செய்பவையும் உண்டு. மணலில் வெறும் குழி, மணல் நிறத்தில் முட்டை. ஒரு பறவை இறக்கை ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினால் அதன் பின்னால் போகாதீர்கள். நின்று, வந்த தடத்திலேயே திரும்பவும். மணலில் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த முட்டை கண்ணில் படவே படாது.

ஏப்ரல் 19

பொறி உள்ளான்கள் புதுச் சட்டை போட்டுவிட்டன. முதுகில் கருப்பும் வெள்ளையும் கொட்டிய பொறி, மார்பில் கோடுகள். வயிறு பின்பக்கம் பருத்திருக்கிறது, கொழுப்பு. சாதாரண எடை 60 கிராம் அளவுதான். அதன்மேல் சேரும் கொழுப்புதான் வழிச்சோறு. நாள் முழுக்கக் கொத்துகின்றன, ஆடுவதுகூடக் குறைந்துவிட்டது.

சூரியன் இறங்கியதும் ஒன்பது ஒன்றாக எழும்பின. தாழ வட்டமிட்டுத் திரும்பி உட்காரவில்லை. குரல் கொடுத்துக்கொண்டே உயர்ந்து, பொன்னை ஆற்றுப் பக்கம் வடக்கே போயின.

மே 8

கழனியில் சொர்ணவாரிப் போகத்து நெல் நாற்று. வாய்க்கால் ஓரம் ஒரே ஒரு பொறி உள்ளான், இறகு இன்னும் மாறாதது. கடந்த ஆவணியில் வந்த இளசாக இருக்கலாம்.

மே 15

அதுவும் இல்லை. ஆட்காட்டி மட்டும் கத்திக்கொண்டிருக்கிறது.