நீள்வட்ட இறக்கையும் இரண்டரை டிகிரியும்

மூன்று வாரமாக ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எனக்கு ஒரே வேலைதான், இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர்விமானம் ஸ்பிட்ஃபயரின் இறக்கை. முழு விமானம்கூட இல்லை, இறக்கை மட்டும். உடற்பகுதி, வால், காக்பிட் கண்ணாடி எல்லாம் முதல் நான்கு நாளிலேயே ஓரளவு வடிவத்துக்கு வந்துவிட்டன. இறக்கையில் வந்து நின்றுபோனேன்.

நான் ஆடும் சிமுலேட்டரில் விமானத்தைப் பாகம் பாகமாக நாமே கட்டலாம். வைக்கிற ஒவ்வொரு இறக்கைப் பலகைக்கும் தூக்குவிசை எவ்வளவு, காற்றுத்தடை எவ்வளவு என்று விளையாட்டு தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் கூட்டித்தான் பறக்கவிடுகிறது. சிலர் வெளியே அழகான கூட்டைக் கட்டிவிட்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு சாதாரணச் செவ்வக இறக்கையை ஒளித்துவைத்துப் பறப்பார்கள். படம் எடுக்க அது போதும். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பிட்ஃபயரை ஸ்பிட்ஃபயராக ஆக்கியதே அந்த இறக்கைதான், அதைத் தவிர மற்றதெல்லாம் நிஜமாக இருந்து என்ன பயன்?

நான் எடுத்துக்கொண்டது மார்க் 1, அதாவது 1940 கோடையில் இங்கிலாந்து வானத்தில் சண்டை போட்டது. இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர், நீளம் 9.12 மீட்டர், 27 லிட்டர் கொள்ளளவுள்ள பன்னிரண்டு சிலிண்டர் மெர்லின் எஞ்சின், இறக்கைகளுக்குள் எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள். சூப்பர்மரைன் நிறுவனத்தில் ஆர். ஜே. மிட்செல் தலைமையில் வடிவமைத்தார்கள். முதல் விமானம் 1936 மார்ச் 5 அன்று சவுதாம்ப்டனை ஒட்டிய ஈஸ்ட்லியிலிருந்து எழும்பியது. அடுத்த வருடம் ஜூனில் மிட்செல் புற்றுநோயால் இறந்துவிட்டார், வயது 42 தான். தன் விமானம் போருக்குப் போனதை அவர் பார்க்கவே இல்லை. ராத்திரி உட்கார்ந்து பலகைகளை நகர்த்தும்போது இது அடிக்கடி நினைவுக்கு வரும்.

சரி, இறக்கைக்கு வருகிறேன். முதலில் முப்பக்க வரைபடம் ஒன்றைப் பின்னணியில் வைத்து அதன்மேல் பலகைகளை அடுக்கினேன். மேலிருந்து பார்த்தால் நீள்வட்டம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் ஒரு நீள்வட்டத்தைப் பாதியாக வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். ஒட்டிப் பார்த்தால் முன்விளிம்பு அளவுக்கு மீறி வளைந்து, முனை பின்னால் இழுத்த மாதிரி, எங்கிருந்து பார்த்தாலும் ஸ்பிட்ஃபயராகத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. அது ஒரு நீள்வட்டம் இல்லை, இரண்டு. முன்விளிம்பு தட்டையான ஓர் அரை நீள்வட்டம், பின்விளிம்பு அதைவிட நன்றாகப் புடைத்த இன்னொன்று. இரண்டும் சேரும் கோடு, முன்னிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு அகலத்தில், உடற்பகுதிக்குச் செங்குத்தாக நேரே ஓடுகிறது. இறக்கையைத் தாங்கும் முக்கிய உத்தரமும் அங்கேதான் போகிறது. வெளியே அத்தனை வளைவு, உள்ளே முதுகெலும்பு மட்டும் நேர்.

இது புரிந்ததும் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கில் இறங்கினேன். உடம்போடு சேரும் இடத்தில் இறக்கையின் அகலம் 100 என்று வைத்துக்கொண்டால், பாதித் தூரத்தில் இன்னும் 87 இருக்கிறது. ஐந்தில் நான்கு பங்கு தூரம் போன பிறகும் 60. அதற்கப்புறம் மடமடவென்று குறுகி, 95 சதவீதத் தூரத்தில் 31. ஒரே நீளமுள்ள பலகைகளை வரிசையாக அடுக்கினால் முனை கோணல்மாணலாக வந்ததற்குக் காரணம் இதுதான். அதனால் உடம்புப் பக்கம் நீளமாக இரண்டு பலகை, முனையை நெருங்க நெருங்கச் சின்னச் சின்னதாக ஏழு, ஆக மொத்தம் ஒரு பக்கத்துக்கு ஒன்பது. ஒவ்வொன்றையும் அந்த நேர்கோட்டுக்கு முன்னால் கால் பங்கும் பின்னால் முக்கால் பங்கும் இருக்கும்படி வைக்க வேண்டும். மவுஸால் இழுத்தால் சரிவராது, எண்ணைத் தட்டித்தான் ஆகவேண்டும்.

ஏன் இந்தப் பாடு, நேரான இறக்கையே வைத்திருக்கலாமே என்ற கேள்விக்குத் துப்பாக்கிகளை உள்ளே வைக்கும்போது எனக்கு விடை கிடைத்தது. வேகத்துக்கு மெல்லிய இறக்கை வேண்டும், ஆனால் மடங்கும் சக்கரமும் பக்கத்துக்கு நான்கு துப்பாக்கியும் தோட்டாப் பெட்டிகளும் அதற்குள்ளேயே அடங்கவும் வேண்டும். உடம்போடு சேரும் இடத்தில் இறக்கையின் தடிப்பு அதன் அகலத்தில் 13 சதவீதம்தான். நீள்வட்டத்தில் அகலம் வெகுதூரம்வரை குறையாததால், அதே மெல்லிய விகிதத்திலும் உள்ளே இடம் மிஞ்சுகிறது. முன்பு பழைய செவ்வகத்தைச் சரித்துக் குறுக்கிய ஓர் இறக்கையில் இதே துப்பாக்கிகளை வைத்துப் பார்த்தபோது கடைசித் துப்பாக்கியின் முதுகு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. இதில் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தது. அந்த நொடியில் எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் பறக்கவிட்டேன். நேராகப் போனது, அழகாகத் திரும்பியது. 1,500 மீட்டர் உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து ஸ்டிக்கை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே போனேன். எந்த எச்சரிக்கையும் இல்லை, சட்டென்று இடது இறக்கை விழுந்து விமானம் மல்லாந்துவிட்டது. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. பலகைகளின் தூக்குவிசையைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தபோது ஒன்பதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கைவிட்டன. நீள்வட்ட இறக்கையின் குணமே அதுதான்: வேலையை இறக்கை முழுக்கச் சமமாகப் பகிர்ந்துகொள்கிறது, அதனால் ஸ்டாலும், அதாவது காற்றின் பிடி விட்டுத் தூக்குவிசை சரிவதும், முழுக்க ஒரேயடியாக வரும்.

நிஜ ஸ்பிட்ஃபயரில் இதற்கு மருந்து வைத்திருந்தார்கள். இறக்கை முழுக்க ஒரே கோணத்தில் இல்லை, மெல்ல முறுக்கியிருக்கிறது. உடம்போடு சேரும் இடத்தில் 2 டிகிரி மேல்நோக்கி, முனையில் அரை டிகிரி கீழ்நோக்கி, ஆக மொத்தம் இரண்டரை டிகிரி. நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. காற்றியக்கத்தைக் கவனித்த பெவர்லி ஷென்ஸ்டோன் போன்றவர்கள் இந்த இறக்கையில் எவ்வளவு உழைத்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒன்பது பலகைக்கும் அந்த இரண்டரை டிகிரியைப் பிரித்துக் கொடுத்தேன், நீளமானதற்குக் கூடுதலாக, சின்னதற்குக் குறைவாக, சிலவற்றுக்கு 0.1 டிகிரி அளவுக்கு. வலது பக்கத்தைப் பிரதியெடுத்தபோது முறுக்கு தலைகீழாகப் போயிருந்தது, அது தெரியாமல் ஓர் இரவு முழுக்க விமானம் ஏன் ஒரு பக்கமாகவே உருள்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி அதே 1,500 மீட்டர், அதே மெதுவான இழுப்பு. இந்த முறை முதலில் உடம்பை ஒட்டிய இரண்டு பலகை மட்டும் கைவிட்டன. விமானம் லேசாக நடுங்கியது, மூக்கு தணிந்தது, முனைப் பக்கம் இன்னும் பிடிப்பு இருந்ததால் ஸ்டிக்கை இடது வலதாக அசைத்தால் கேட்டது. விழப்போகிறேன் என்று சொல்லிவிட்டு விழுகிற விமானம். நிஜத்தில் இந்த நடுக்கத்தை நம்பித்தான் விமானிகள் சண்டையில் திருப்பத்தை விளிம்புவரை இறுக்கினார்கள்.

மெனக்கெட்ட இன்னொரு விஷயம் எஞ்சின். மார்க் 1இன் மெர்லினில் மிதவையுள்ள கார்புரேட்டர், அதாவது பெட்ரோலை ஒரு கிண்ணத்தில் தேக்கிக் காற்றோடு கலந்து அனுப்பும் பாகம். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் பெட்ரோல் கிண்ணத்தின் மேல்பக்கம் ஏறி, எஞ்சின் முதலில் பட்டினி கிடக்கும். தொடர்ந்து தள்ளினால் மிதவை ஏமாந்துபோய் வால்வை முழுக்கத் திறந்துவிட, பெட்ரோல் வெள்ளமாக வந்து எஞ்சின் மூச்சுமுட்டி நின்றுபோகும். எதிரியான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானத்தில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் அமைப்பு இருந்ததால் அது மூக்கைத் தள்ளி ஓடித் தப்பிக்கும். துரத்த வேண்டுமானால் ஸ்பிட்ஃபயர் விமானி மல்லாக்கத் திரும்பிப் பாய வேண்டும். 1941இல் ஃபார்ன்பரோவிலிருந்த பிரிட்டிஷ் விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலைபார்த்த பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங், எஞ்சினுக்குத் தேவையானதற்கு மேல் பெட்ரோல் போகாதபடி நடுவில் துளையுள்ள ஒரு சின்ன உலோகத் துண்டைக் குழாயில் வைத்து இதைப் பெருமளவு கட்டுப்படுத்தினார். விளையாட்டின் எஞ்சினுக்கு இந்தக் குறை கிடையாது. எடை உணர்வைக் காட்டும் ஜி அளவு பூஜ்யத்துக்குக் கீழே போனால் சக்தி பாதியாகவும், நீடித்தால் முழுக்கவும் போகிற மாதிரி ஒரு கட்டளை எழுதிச் சேர்த்தேன். பக்கத்தில் ‘1941’ என்று ஒரு சுவிட்ச், அதைப் போட்டால் ஷில்லிங்கின் துண்டு வேலைசெய்யும். சுவிட்சைப் போடாமல் ஒரு 109ஐத் துரத்திப் பாருங்கள், அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

விமானத்தின் உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணிகளின் தலைகளை நிஜப் பாகங்களாகவே ஒட்டலாமா என்று ஒரு யோசனை இருந்தது. ஒவ்வொன்றும் காற்றுத்தடையைக் கூட்டும் என்பதால் விட்டுவிட்டேன். அன்றைக்கே இதைச் சோதித்திருக்கிறார்கள்: வழுவழுப்பான ஆணிகளின்மேல் உடைத்த பட்டாணியை ஒட்டிப் பறந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எந்த இடத்தில் புடைத்த தலை இருந்தால் வேகம் குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். பட்டாணி! நான் வண்ணத்தில் புள்ளி வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

தரையிறக்குவதுதான் கஷ்டம். மூக்கு அவ்வளவு நீளம், காக்பிட்டிலிருந்து பார்த்தால் எதிரே எஞ்சின் மூடிதான் தெரியும், ஓடுதளம் தெரியாது. சக்கரங்கள் வெளிப்பக்கமாக மடிவதால் தரையில் கால்களுக்கு இடையே இடைவெளியும் குறைவு, கொஞ்சம் சாய்ந்தால் இறக்கை முனை தட்டிவிடும். வெளிக்கேமராவுக்குப் போகாமல், அன்றைய விமானிகள் மாதிரியே வளைந்து வளைந்து இறங்கி, ஓடுதளத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே கடைசி நொடியில் நேராக்கப் பழகினேன். நேற்று ராத்திரி பதினோராவது முயற்சியில் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன.

இடது இறக்கைக்கு அடியில் எண்ணெய்க் குளிர்விப்பான் இன்னும் பாக்கி. வலது பக்கம் இருக்கும் ரேடியேட்டரைப் பிரதியெடுத்து வைக்க முடியாது, மார்க் 1இல் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது, இடது பக்கத்தது ஒடுக்கமானது. அதைத் தனியாகத்தான் கட்ட வேண்டும். இன்றைக்கு ஒன்பது மணிக்கு அந்த வேலை.