ஓதம் ஏறிய பழைய வீடு: முதலில் சிமெண்டைக் கொத்தி எடுங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் அடிச்சுவர் ஓதத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்துக்கு, யாரைக் கூப்பிட்டாலும் ‘வாட்டர்புரூஃப் கலந்து சிமெண்ட் பூசிடலாம்’ என்பார்கள். வேண்டாம். சுண்ணாம்புச் சுவர், அடியிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேல்பரப்பு வழியே காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். இரண்டடியில் நின்ற ஓதம் நாலடிக்கு ஏறும். சிமெண்ட் முடியும் கோட்டுக்கு மேலே உப்புப் பூத்து, நல்ல நிலையில் இருந்த பழைய முட்டைப் பூச்சும் (முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு) பொருக்குப் பொருக்காக உதிரும். ஆத்தங்குடிக் கல்லை (கையால் செய்த பழைய தரைக்கல்) பெயர்த்துவிட்டு கான்கிரீட்டும் டைல்ஸும் போட்டாலும் இதே கதைதான். தரை வழியே போன ஈரம் சுவருக்குத் திரும்பும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பூச்சில் கை வைக்காதீர்கள். ஓரடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு மூன்று நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வேர்த்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. பூட்டியே கிடக்கிற வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஓதம் ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் முற்றத்துச் சலதாரையை, அதாவது மழைநீர் வெளியேறும் வடிகாலை, சந்தேகப்படுங்கள். ஐந்தாறு குடம் தண்ணீரை வேகமாக ஊற்றினால் மறுமுனையில் தாராளமாக வர வேண்டும். சுவர் நெடுக ஒரே உயரத்தில் இருந்தால் காரணம் வெளியே: ரோட்டின் மேல் ரோடு போட்டு, மண் ஏறி, பேஸ்மட்டம் (தரைமட்டம் வரையிலான அடிக்கட்டு) பாதி புதைந்திருக்கும். உள்தரைக்கு அரையடி கீழே வரையாவது மண்ணை வெட்டி எடுங்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளத்தையும் உடைத்துவிட்டு, சற்றுத் தள்ளி ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் வைத்து, 40 மி.மீ. ஜல்லி நிரப்புங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டவே கூடாது. ஐப்பசி மழைக்கு முன் இது முடிந்துவிட வேண்டும்.

அடுத்து, ஓதக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி, செங்கல் இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். உப்பைத் தேங்காய் நார்த் தூரிகையால் உலர்வாகத் தட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும், பலர் தோற்பது இங்கேதான். சுவர் காய அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இரண்டடிச் சுவர் ஒரே கோடையில் முழுதாகக் காயாது. சித்திரை, வைகாசி வெயிலாவது படட்டும்.

சுவர் காய்ந்த பிறகு மறுபடி பூசும் கலவை இது: குழியில் நீர் நிற்க 15 நாளாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த செங்கல் தூள் ஒரு பங்கு, உப்பில்லாத மணல் இரண்டு பங்கு. ‘பிடிப்புக்கு ஒரு கரண்டி சிமெண்ட்’ என்று கொத்தனார் கேட்பார், சம்மதிக்காதீர்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காயாமல் பாருங்கள். மேலே வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும். பட்டி (வால் புட்டி), எமல்ஷன் பெயிண்ட் கூடாது. முட்டைப் பூச்சு மெருகையும் இந்த அடிப்பகுதிக்கு இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள், அதுவும் ஈரம் வெளியேறுவதைக் குறைக்கும்.

இந்த முதல் பூச்சு சுவரில் மிச்சமிருக்கிற உப்பை இழுத்துக்கொண்டு சில வருடங்களில் உதிரலாம். உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்தி, அதே கலவையில் மறுபடி பூசுங்கள்.