சும்மா கிடக்காத மறுபாதி

எலி மூளையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் எடுப்பதுதான் இரண்டு வருடம் என் வேலை. மூளையின் முன்பகுதியில் ஊசி போன்ற ப்ரோபை இறக்கி, உப்புநீரை நிமிடத்துக்கு ஓரிரு மைக்ரோலிட்டர் வீதம் ஓடவிட வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு குழாய் நிரம்பும். அதை எச்.பி.எல்.சி.யில் (கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஏற்றினால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் வரைபடத்தில் சின்ன மேடாகத் தெரியும். எலி பாட்டுக்குக் கூண்டில் மோப்பம் பிடித்துத் திரியும். தூக்கம் போவது நமக்குத்தான்.

அப்போது சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அதில் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான எஸ், ஆர் வடிவங்கள் சரிபாதி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைக் கையுறை வைத்து விளக்கப் பார்ப்பேன். ஆனால் லேப் கையுறை எந்தக் கைக்கும் சேருமே! அப்புறம் வாசலில் கிடக்கும் செருப்பைக் காட்டுவேன்.

செரட்டோனினை நரம்பு முனை திரும்ப உறிஞ்சாமல் தடுத்து, வெளியே அதை ஏற்றுவது எஸ். ஆர் சும்மா கிடக்கும் என்றே நினைத்திருந்தேன். அதனால் ஒரு குழுவுக்கு எஸ் மட்டும், இன்னொன்றுக்கு இரண்டு மடங்கு கலவை. எஸ் இரண்டிலும் ஒரே அளவு. மேடும் ஒரே உயரம் வரவேண்டும். வரவில்லை. கலவை போட்ட எலிகளில் குறைவாகவே ஏறியது.

என் கைமேல்தான் சந்தேகம் வந்தது. தனி எஸ் வருவது ஆக்சலேட் உப்பாக, கலவை வருவது ஹைட்ரோபுரோமைடு உப்பாக. உப்பின் எடையைக் கழிக்காமல் நிறுத்துவிட்டேனோ? புதிதாகக் கரைத்தேன். அதே கதை. மூன்றாவது வாரம் எங்கள் லேப் மேடத்திடம் போய் நின்றேன்.

"ஏம்ப்பா, ஆர் சும்மா கிடக்குதுன்னு யார் சொன்னா?"

2003-இல் லுண்ட்பெக் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையை நீட்டினார். ஆர்-ஐத் தனியாகக் கொடுத்தால் செரட்டோனின் ஏறுவதில்லை. எஸ்ஸோடு சேர்த்தால் எஸ் ஏற்றுவதையும் அமுக்குகிறது. உறிஞ்சும் புரதத்தில் பக்கவாட்டில் இன்னொரு இடம் உண்டு, ஆர் அங்கே ஒட்டி எஸ்ஸின் பிடியைத் தளர்த்துகிறது என்பது ஒரு விளக்கம். பழைய மருந்தின் காப்புரிமை முடிகிற நேரத்தில் எஸ் பாதியை மட்டும் பிரித்துப் புது மருந்தாக விற்ற கம்பெனியே இதைச் சொல்வதால் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். சரி, எலிக்குக் காப்புரிமை தெரியாதே.

எஸ்ஸையும் ஆர்-ஐயும் தனித்தனியே நிறுத்து, நானே கலந்து ஒரு குழுவுக்குப் போட்டேன். மேடு மறுபடி தாழ்ந்தே வந்தது.

நோட்டில் மூன்று இடத்தில் 'எடைப் பிழை?' என்று எழுதி வைத்திருந்தேன். லேப் நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டேன்.