தவில் கேட்க ஒரு சோடி ஒலிபெருக்கி: இதுவரை செய்தவை

காசு மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தோடு யாராவது ஒலிபெருக்கி செய்ய இறங்கினால், அந்த எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடச் சொல்வேன். தரமான வூஃபரும் (தாழ்ந்த தொனிகளை எழுப்பும் கூம்பு) ருவீற்றரும் (உயர்ந்த தொனிகளை எழுப்பும் சிறிய அலகு) கொழும்பு வழியாகவே யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர வேண்டியிருப்பதால், தீர்வையும் கப்பற்கூலியும் சேரும்போது, கடையில் விற்கும் நடுத்தரமான ஒரு சோடியின் விலையை அவை மட்டுமே எட்டிவிடுகின்றன. பலகையும் ஓடாவியின் கூலியும் அதற்கு மேல். ஆனாலும் என் வீட்டு ஹோலுக்கும் நான் விரும்பிக் கேட்கும் நாதஸ்வர, தவில் ஒலிப்பதிவுகளுக்கும் எது பொருந்தும் என்பதை நானே தீர்மானிக்கலாம் என்பதற்காகவே இதைத் தொடங்கினேன்.

பெட்டியின் கொள்ளளவிலேயே அந்தச் சுதந்திரம் தெரிகிறது. 1961இல் நெவில் தீல் வெளியிட்டு, 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மோல் விரித்தெழுதிய கணிப்பு முறையைக் கொண்டு, பலகையில் வாள் வைக்குமுன்பே அடித்தொனி எவ்வளவு கீழே போகும் என்று கண்டுகொள்ளலாம். என் வூஃபரின் ஒத்ததிர்வு (அது இயல்பாக அதிரும் வேகம்) 40 ஹேர்ட்ஸ், மொத்தக் கியூ (அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதன் அளவு) 0.35, சமானக் கொள்ளளவு (கூம்பின் பிடிப்புக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் அளவு) 20 லீற்றர். முற்றாக மூடிய பெட்டியென்றால் ஆறரை லீற்றர் போதும், ஆனால் 81 ஹேர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபெல் இறங்கிவிடும். காற்றுப் போய்வரக் குழாய் வைத்த 15 லீற்றர் பெட்டியோ ஏறக்குறைய 45 ஹேர்ட்ஸ் வரை தாங்கும். மலிவான பலகையில் இரண்டு விதமும் செய்து கேட்டுப் பார்த்தேன். தவிலின் தொப்பியில் கழி விழுந்து எடுபட்டதும் ஒலியும் அதோடு நிற்க வேண்டும். குழாய்ப் பெட்டி அந்த அடியைச் சற்றே இழுத்தது. மூடிய பெட்டியைச் சுவரருகே வைத்ததும் இழந்த அடித்தொனியில் ஒரு பங்கு திரும்பியது. எனவே அதையே தெரிந்தெடுத்தேன்.

மரநாரை ஒட்டி அழுத்திய எம்.டி.எஃப். பலகை வெட்டுவதற்கு இலகுவானது, ஆனால் மாரியில் அதன் விளிம்புகள் ஈரத்தை இழுத்து ஊதிவிடும் என்பதால் 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட்டுக்குப் போனேன். (பனையில் செய்யலாமே என்று கேட்டவர்களும் உண்டு, சிராம்பு நிறைந்த அந்தப் பாரமான மரம் கூரைக்கே பொருந்தும்.) இதே காரணத்தால், வூஃபரின் விளிம்பு நுரையாக இல்லாமல் இறப்பராக இருப்பது நல்லது, நுரை எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் உதிர்ந்துவிடுகிறது. பெட்டியை ஒட்டி முடித்த ஓடாவி, “உதுக்குள்ள தண்ணி விட்டாலும் ஒழுகாது, தம்பி” என்றார். வூஃபரைப் பூட்டி, கூம்பை விரல்நுனிகளால் மெல்ல அழுத்தி விட்டபோது அது துள்ளி எழாமல் ஆறுதலாகவே பழைய நிலைக்குத் திரும்பியது. காற்றுக் கசிவு இல்லை என்பதற்கு அதுவே சான்று.

உண்மையான சிரமம், தாழ்ந்த தொனிகளை வூஃபருக்கும் உயர்ந்தவற்றை ருவீற்றருக்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்றான குறொஸ்ஓவரில்தான் இருக்கிறது. கணிப்பில் வந்த சுருள்களையும் கொள்ளளவிகளையும் அப்படியே பொருத்தினால் வேலை முடியாது, ஏனென்றால் பெட்டிக்குள் போனபின் வூஃபரின் நடத்தை கடதாசியில் உள்ளதுபோல இருப்பதில்லை. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும், அளவீட்டுக்கான ஒலிவாங்கியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வீதியில் மோட்டார் சைக்கிள்கள் ஓயும்வரை அளக்கவும் முடியாது. இரண்டு சுருள்களும் ஒன்றின் காந்தப் புலம் மற்றதைத் தொடாதபடி செங்குத்தாக அமைய வேண்டும். ருவீற்றரின் நேர், எதிர் முனைகளை வேண்டுமென்றே மாற்றி இணைத்தபோது, வூஃபரும் ருவீற்றரும் கைமாறும் 2,500 ஹேர்ட்ஸ் சந்திப்பில் அளவீட்டின் வரைகோடு ஆழமாகக் குழிவிழுந்தது. சரியான இணைப்பில் இரண்டும் ஒத்துப் போகின்றன என்பதை அந்தக் குழியே காட்டியது. கடையில் வாங்கிய பெட்டி இவ்வளவையும் வாங்கியவர் தலையில் கட்டுவதில்லை. அதை மீண்டும் விற்கவும் முடியும். நானே செய்ததை வாங்க ஆள் வரப்போவதில்லை.

இப்போது ஒரு பெட்டி மட்டுமே பாடுகிறது. அதன் முகப்பு 20 சென்ரிமீற்றர் அகலம் என்பதால், தாழ்ந்த தொனிகள் அதைச் சுற்றிப் பின்பக்கமும் பரவி, ஏறக்குறைய 575 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒலி படிப்படியாக மெலிகிறது. திறந்த வெளியில் 6 டெசிபெல் ஈடுசெய்ய வேண்டியிருக்கும். சுவரருகே 3 டெசிபெல் போதுமா என்று குறொஸ்ஓவரில் சற்றுப் பெரிய சுருளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றப் பெட்டிக்கு வார்னிஷ் பூச மழை விட வேண்டும்.