களைத்திருக்கிறேன் என்று முதலில் யார் சொல்வது?

மாசி பிறந்து அழகர்மலைச் சரிவில் இலையுதிர்வு தொடங்கிவிட்டால், பணி ஓய்வு பெற்று மதுரையில் குடியிருக்கும் எனக்கு இன்னமும் நள்ளிரவில் விழிப்பு வந்துவிடுகிறது. வனவராக இருந்த ஆண்டுகளில், காட்டுத்தீக் காலமான பிப்ரவரி முதல் மே வரை முழு இரவு தூங்கிய நாட்கள் குறைவு. அப்போது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

சாப்டூர்ப் பக்கத்து மலையில் ஒரு பங்குனி மாதம் இரண்டு நாட்களாகத் தீ நின்று எரிந்துகொண்டிருந்தது. என்னுடன் ஒன்பது பேர் இருந்தார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களும், கோடைக்கு மட்டும் எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர்களுமாக. கையில் அரிவாள், மண்வெட்டி, பச்சைத் தழைக்கொத்து, தலையில் ஈரத்துண்டு. தண்ணீர் கேன்களைத் தோளில் தூக்கிச் செல்ல வேண்டும். இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, தீக்கு மேலே முகட்டில் ஏறித் தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் அகற்றிய பட்டை, வெட்டலாம் என்று முடிவெடுத்தேன். வெயில் ஏறிய சரிவில் காற்று மேல்நோக்கி வீசும், தீயும் மேட்டைப் பார்த்துத்தான் விரைந்து ஓடும் என்பது பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்ற பாடம். அது அன்று என் நினைவுக்கு வரவில்லை. எங்கள் குழுவில் இருந்த பளியர் இனத்துப் பெரியவர், "கிளை அசையுது சார், இப்ப மேல வேணாம்" என்றார். நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

பாதி ஏற்றத்தில், வயதில் மிக இளையவனான ஒரு காவலன் பாறையில் உட்கார்ந்துவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தானே தவிர, பதில் குழறியது; உடம்பு அனலாகக் கொதித்தது. அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஓடையோர நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் ஒற்றி விசிறிய பிறகே பேச்சு தெளிந்தது. பிறகு மருத்துவமனைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டான். நாங்கள் கோடு வெட்டப் போன முகட்டைத் தீ மாலைக்குள் தாண்டியிருந்தது.

அன்று மாலை அந்தப் பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "நீங்க எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், விடியற்காலையில் போனது. ஒதுங்கிப் போய்வந்தேன், கடுங்காப்பி நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. உடலில் நீர் வற்றி, தசை சிதையும் அளவுக்கு வேலை செய்தால் சிறுநீர் இப்படிக் கறுக்கலாம் என்பதும், உடனே மருத்துவரைப் பார்க்காவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகக்கூடும் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தலைவலியையும் மந்தத்தையும் கொடுக்கும். இதில் கொடுமை என்னவென்றால், அந்த மந்தம் வந்தவனுக்குத் தனக்கு மந்தம் என்று தெரியாது. பழைய திட்டத்தையே பிடித்துக்கொண்டு தொங்குவான்.

அமெரிக்காவில் காட்டுத்தீக் குழுக்களுக்கு இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஓய்வு என்ற கணக்கு இருக்கிறது. நம் மலைகளில் மாற்று ஆள் எங்கே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்பது பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எரிந்து தணிந்த பக்கத்தில் உட்காரவைக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. நான் அதைச் செய்யாததற்குக் காரணம் ஆள் பற்றாக்குறை அல்ல, கூச்சம். தலைவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்.

அந்தக் கூச்சத்தின் விலையைக் கீழே இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். கோடைக்கு மட்டும் கூலிக்கு வருபவர், முடியவில்லை என்று சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா என்று அஞ்சுகிறார். வனவரே வாயைத் திறக்காதபோது அவர் எப்படித் திறப்பார்? அந்த ஆண்டுக்குப் பிறகு, "எனக்குத் தலை வலிக்கிறது, அரை மணி நேரம் உட்காரப் போகிறேன்" என்று நானே முதலில் சொல்லத் தொடங்கினேன். முதல் இரண்டு முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை ஒருவர் தன் காலில் கொப்புளம் வெடித்திருப்பதைக் காட்டினார்.

1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், துரத்தி வந்த புல் தீக்கு முன்னால் வாக்னர் டாட்ஜ் என்ற தீயணைப்புக் குழுத்தலைவர், எரிந்து முடிந்த இடத்தில் தீ மறுபடி பற்றாது என்று தானே தீ மூட்டி, அந்தச் சாம்பலில் படுத்துக்கொண்டு மற்றவர்களையும் அழைத்தார். ஒருவரும் வரவில்லை, 13 பேர் இறந்தார்கள், அவர் பிழைத்தார். அந்தக் குழுவினரோடு அவர் அதற்குமுன் அதிகம் பழகியதில்லை என்கிறார்கள். தீக்கு நடுவே நின்று சம்பாதிக்கக்கூடியதல்ல நம்பிக்கை. கஞ்சி குடிக்கும்போதும் கோடு வெட்டும்போதும் சேர வேண்டியது.

ஆகவே தீ அணைந்த மறுநாள் அடிவாரத்துத் தேநீர்க் கடையில் எல்லோரையும் உட்காரவைத்து, என்ன நினைத்துப் போனோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்யலாம் என்று கேட்பதை வழக்கமாக்கினேன். வயதில் சிறியவன் முதலில் பேச வேண்டும், நான் கடைசி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தில் மலையேறச் சென்றவர்கள் பலர் இறந்த குரங்கணித் தீ நடந்த பிறகு அந்தக் கூட்டத்தில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. அன்று காரணம் கேட்காமல் இரண்டாவது தேநீர் சொன்னேன்.

வீட்டில் இதையெல்லாம் பேசியதில்லை. இருமலோடு வந்து, முகம் கழுவி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். என் மனைவி சட்டையைத் துவைக்கும்போது மூன்றாவது அலசிலும் தண்ணீர் கறுப்பாகவே போகும் என்று சொன்னது, ஓய்வு பெற்ற பிறகுதான்.