கதவை இழைப்பதற்கு முன் நிலையைப் பாருங்கள்

வீட்டுப் புதுப்பிப்பு வேலையில் என்னை அதிகம் வாட்டியது படுக்கையறைக் கதவுதான். மாட்டி முடித்த அன்றே, பூட்டுப் பக்கம் மேல்மூலை நிலையில், அதாவது கதவைத் தாங்கும் சட்டத்தில், உரசியது. அதே பக்கம் அடியில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. பாதி திறந்து விட்டால் தானாகவே மூடிக்கொண்டது.

ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மேலே கொஞ்சம் இழைச்சு விட்டா சரியாயிடும் சார்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இழைத்தால் உரசல் நிற்கலாம்; ஆனால் கதவு தானாக நகர்வது கீல் பக்கத்து நிலைக்கால் தூக்கில் இல்லை, அதாவது நேர் செங்குத்தாக நிற்கவில்லை என்பதற்கு அடையாளம். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நிலைக்கால் அடியில் சுவர்ப் பக்கம் 6 மி.மீ. விலகியிருந்தது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தை மறைக்கும் பட்டையைக் கழற்றியதும் காரணம் புரிந்தது: கீழே சுவருக்கும் நிலைக்கும் நடுவே ஆப்பே இல்லை. வெறுமனே ஸ்க்ரூவை இறுக்கியதில் கால் சுவரை நோக்கி இழுபட்டுவிட்டது. மேல் கீலுக்கும் பள்ளம் போதிய ஆழத்தில் வெட்டப்படவில்லை. கீல் தகடு துருத்திக்கொண்டு, கதவின் தலைப்பகுதியைப் பூட்டுப் பக்கம் தள்ளியது.

வந்த தச்சர் நல்ல வேலைக்காரர். ஸ்க்ரூவைத் தளர்த்தி, எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து இறுக்கினார். கீல் பள்ளத்தை உளியால் ஆழப்படுத்தினார். சாய்வாக ஏறியிருந்த ஸ்க்ரூக்களைப் பிடுங்கி, துளைகளில் பசை தடவிய மரக்குச்சி அடைத்து, நேராக முடுக்கினார். மூன்று பக்கமும் சந்து ஏறக்குறைய 3 மி.மீ. என ஒரே சீராக வந்தது. கதவை எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது.

பலரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: கதவின் தலைவிளிம்பும் அடிவிளிம்பும். எங்கள் கதவில் இரண்டுமே பூச்சு இல்லாத வெறும் மரமாகக் கிடந்தன. ஈரத்தை மரம் குடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மழைக்காலத்தில் ஊதி மறுபடி உரசத் தொடங்கும். அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு விரலுக்கே தெரியும். கதவைக் கழற்றி இரு விளிம்புக்கும் ப்ரைமரும் பெயின்ட்டும் அடிக்கவைத்தேன்.

குறைகளைப் படமெடுத்து, எழுதிக் கொடுத்து, கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. மற்ற அறைக் கதவுகளுக்கும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்த பிறகே அந்தப் பணத்தைக் கொடுத்தேன்.