பத்து லட்சம் என்று எழுதிய வரி

கோடம்பாக்கத்தில் ஏழு ஆண்டுகள் தயாரிப்பு நிர்வாகியின் உதவியாளனாகப் பேட்டா கணக்கு எழுதிப் பழகியிருந்த நான், 2018இல் முதன்முறையாக ஒரு சிறு படத்துக்கு முழு பட்ஜெட்டையும் போட்டபோது, ஒளிப்பதிவாளரின் பெயருக்கு எதிரே பத்து லட்சம் என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போனேன். அட்வான்ஸும் அந்தக் கணக்கில்தான் கொடுத்தோம். அவர் சொன்ன பத்து லட்சம் பிடித்தம் போகக் கையில் வர வேண்டிய தொகை என்பது இரண்டாம் தவணையின்போதுதான் தெரியவந்தது.

இத்தகைய ஊதியத்தில் 10 விழுக்காடு வருமான வரியைத் தயாரிப்பாளர் பிடித்துக் கட்ட வேண்டும். ஆகவே கையில் பத்து லட்சம் சேர வேண்டுமானால் பில்லில் 11,11,111 ரூபாய் இருக்க வேண்டும்; அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்று இன்னும் இரண்டு லட்சம். படத்தை விற்கும்போது ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் ஆறுதல் சொன்னார். விற்கும்வரை அந்தப் பணத்துக்கும் ஃபைனான்சியரின் வட்டி ஓடும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒளிப்பதிவாளருடைய உதவியாளர்களின் பேட்டா வேறு தனி. (நடிகர்களோடு வரும் மேக்கப்மேன், உதவியாளர், டிரைவர் கணக்கை எழுதப் புகுந்தால் அது தனிக்கட்டுரை ஆகிவிடும்.)

விழுந்த துண்டை ஈடுகட்ட, எதிர்த்துப் பேசாதவர் என்பதாலேயே கலை இயக்குநரின் தொகையில் கைவைத்தேன். வீட்டுக் காட்சிகளுக்குச் செட் போடாமல் வாடகை வீடு ஒன்றைப் பிடித்தோம். செட் என்றால் ஒரு சுவரைக் கழற்றிக் கேமராவைப் பின்னுக்கு இழுக்கலாம். குடியிருந்த வீட்டில் அது நடக்காது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் லைட்டை வெளியே எடுத்து மீண்டும் உள்ளே வைக்க வேண்டியிருந்ததால், மாலை ஆறு மணிக்கு முடிய வேண்டிய கால்ஷீட் (ஒரு நாளின் வேலை நேரம்) நாள்தோறும் ஒன்றரை கால்ஷீட்டாக நீண்டு, யூனிட் முழுவதற்கும் கூடுதல் சம்பளம் ஏறியது. செட்டில் மிச்சம் பிடித்த பணம் ஆறாம் நாளே தீர்ந்துவிட்டது.

அன்று இரவு வவுச்சரில் கையெழுத்திட வந்த ஒளிப்பதிவாளர், “தம்பி, நான் கேட்ட சம்பளத்தைக் கொடுத்தீங்க, சரி. லைட் வைக்கிற இடத்தையில்ல எடுத்துக்கிட்டீங்க” என்றார். கலை இயக்குநர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.